பாங்காக் எரவான் பிரம்மா: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாங்காக் போகும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தவறாமல் நிற்கும் இடம் ராட்சபிரசோங் நாற்சந்தியில் உள்ள எரவான் பிரம்மா சன்னதி. மேலே ரயில், சுற்றிலும் மால்கள், நடுவே பூவும் புகையும். கிளம்பும் முன்பும் போய் வந்த பின்பும் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

அது பிரம்மா கோயிலா, புத்தர் கோயிலா? ஏஜென்ட் கொடுத்த பேப்பர்ல 'ஃபோர் ஃபேஸ் புத்தா'ன்னு இருக்கே.

பிரம்மாதான். தாய்லாந்துக்காரர்கள் 'ப்ரா ப்ரோம்' என்பார்கள்; நம் 'பிரம்மா' அவர்கள் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. ஹாங்காங், சிங்கப்பூர், தைவான் பக்கத்திலிருந்து வரும் சீனர்கள் 'நான்முக புத்தர்' என்று அழைப்பார்கள். அந்தப் பெயர்தான் சுற்றுலா நிறுவனங்களின் தாளில் ஏறிவிட்டது.

கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள் என்பதும் உண்மை. பௌத்தத்தில் பிரம்மாவுக்கு இடம் உண்டு. நான்கு முகங்களுக்கு அவர்கள் சொல்லும் பொருள் மைத்ரி (நட்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேட்சை (சமநிலை). நாம் நான்கு வேதம் என்போம். மூர்த்தி ஒன்று, விளக்கம் இரண்டு.

பிரம்மாவுக்குத் தனிக் கோயிலே கிடையாதுன்னு பாட்டி சொல்லுவாங்க. கும்பிடலாமா?

பாட்டி சொல்வது திருவண்ணாமலைக் கதை. அடிமுடி தேடிய போட்டியில் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி வைத்ததால் பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது என்ற புராணம். வழக்கத்தில் பார்த்தால் தமிழ்நாட்டிலேயே விலக்குகள் இருக்கின்றன. திருச்சி அருகே திருப்பட்டூர் பிரம்மபுரீஸ்வரர் கோயிலில் பிரம்மாவுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது, தலையெழுத்து மாறும் என்று கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கும்பகோணத்தில் ஒரு பெருமாள் கோயிலுக்கே பிரம்மன் கோயில் என்றுதான் பெயர். சிவன் கோயில் எதிலும் வடக்குக் கோஷ்டத்தில் அவரைக் கும்பிட்டுக்கொண்டுதான் சுற்றி வருகிறோம். தாராளமாகக் கும்பிடலாம்.

ஒரு ஹோட்டல் கட்டறப்ப வந்த தடையை நீக்க வச்ச சாமின்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். 1950களில் அரசு சார்பில் எரவான் ஹோட்டலைக் கட்டியபோது விபத்து, செலவு ஏற்றம், தாமதம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. இத்தாலியிலிருந்து பளிங்கு ஏற்றி வந்த கப்பலே மூழ்கிப் போனது என்றும் சொல்வார்கள். கடற்படை அதிகாரியாக இருந்த ஜோதிடர் ஒருவர், அடிக்கல் நாட்டிய நேரம் சரியில்லை, பிரம்மாவுக்கு ஒரு சன்னதி வையுங்கள் என்றார். 1956 நவம்பர் 9 அன்று பிரதிஷ்டை நடந்தது. பழைய ஹோட்டலை 1980களில் இடித்துவிட்டு, இப்போது நிற்கும் கிராண்ட் ஹயாத் எரவானைக் கட்டினார்கள். சன்னதி மட்டும் முனையிலேயே இருக்கிறது.

'எரவான்' என்பது நம் ஐராவதம்தான், இந்திரனின் யானை. தாராசுரம் ஐராவதேஸ்வரரை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. ஹோட்டலுக்கு யானையின் பெயர், சன்னதியில் இருப்பவர் பிரம்மா. உள்ளே ஐராவதத்தைத் தேடி ஏமாற வேண்டாம். மரத்தாலான சிறு யானைகள் மட்டும் காணிக்கையாக வைக்கப்பட்டிருக்கும்.

ஏர்போர்ட்ல இறங்கினா எப்படிப் போறது?

சுவர்ணபூமி விமான நிலையம் என்றால், அடித்தளத்திலிருந்து கிளம்பும் ஏர்போர்ட் ரயிலில் கடைசி நிலையமான பயா தாய் வரை போங்கள். அங்கே பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறி, கேஹா போகும் திசையில் ஏறுங்கள். ராட்சதேவி, சியாம், அடுத்தது சிட் லோம். மூன்றாவது நிலையத்தில் இறங்க வேண்டும். சியாமில் வண்டி மாறத் தேவையில்லை. அங்கே இறங்கும் கூட்டத்தோடு சேர்ந்து இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சிட் லோமிலிருந்து சியாம் பக்கமாக நடைமேம்பாலத்தில் நடந்தால், இடதுகைப் பக்கம் கீழே புகை தெரியும். படியிறங்கினால் நாற்சந்தியின் முனையில் சன்னதி. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் டாக்சியில் நேராக கிராண்ட் ஹயாத் எரவான் வாசலில் இறங்கிக்கொள்வது நல்லது. ஆனால் மாலை 5 மணிக்கு மேல் அந்த நாற்சந்தியில் டாக்சி நகராது.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள்.

எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காது? எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

காலை 6 மணிவாக்கில் திறந்துவிடுவார்கள். 7லிருந்து 8க்குள் போனால் வெயிலும் இல்லை, சுற்றுலாப் பேருந்துகளும் வந்திருக்காது. இரவிலும் திறந்திருக்கும், ஆனால் 10 மணிக்கு முன்பே போய்விடுவது பாதுகாப்பான கணக்கு. வாரக்கடைசி மாலைகளில் நெரிசல் அதிகம். நவம்பர் 9 சன்னதியின் ஆண்டு விழா. கும்பிட மட்டும் போகிறவர்கள் அன்று தவிர்க்கலாம்.

நான்கு பக்கமும் கும்பிட 20 நிமிடம் போதும். நடனம் பார்ப்பதானால் அரை மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

செருப்பை எங்க விடறது? பெர்முடாஸ் போட்டுட்டுப் போகலாமா?

செருப்புக் காப்பகம் கிடையாது, தேவையும் இல்லை. சன்னதி திறந்தவெளி முற்றத்தில் இருக்கிறது. நின்று கும்பிடுபவர்கள் செருப்போடுதான் சுற்றுகிறார்கள். மண்டியிட்டு உட்கார வேண்டி வந்தால் மட்டும் கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுப்பகலில் தரை சுடும், உருகிய மெழுகும் கிடக்கும்.

உடைக்குப் பலகை போட்ட விதி ஏதும் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் மரியாதை. உடையைவிடக் காலைக் கவனியுங்கள்: மூர்த்தியை நோக்கிக் காலை நீட்டி உட்காருவது அங்கே பெரிய அவமரியாதை.

அர்ச்சனைச் சீட்டு எங்க வாங்கறது? ஐயர் இருப்பாரா?

இல்லை. அர்ச்சனை, தீபாராதனை, தீர்த்தம், பிரசாதம், திருநீறு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். நமக்கும் சாமிக்கும் நடுவே அங்கே யாரும் கிடையாது. பூசாரிபோலத் தெரிபவர்கள் ஊழியர்கள். நிறைந்துபோன மாலைகளையும் எரிந்த பத்திகளையும் அகற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நம்மவர்கள் பலர் ஐந்தே நிமிடத்தில் "ஒண்ணுமே இல்லையே" என்று வெளியே வந்துவிடுவதற்குக் காரணம் இந்த எதிர்பார்ப்புதான். செய்ய வேண்டியதெல்லாம் நாமே செய்துகொள்வது. அதன் முறை அடுத்த கேள்வியில்.

சரி, அப்ப உள்ளே போய் என்னதான் செய்யணும்? வரிசையாச் சொல்லுங்க.

வளாகத்துக்கு உள்ளேயே விலைப்பலகையோடு பூஜைப் பொருள் விற்கும் முகப்பு இருக்கிறது. ஒரு முழு செட் என்பது 12 ஊதுபத்தி, 4 மெழுகுவர்த்தி, 4 மாலை. முகம் ஒன்றுக்கு 3 பத்தி, 1 மெழுகு, 1 மாலை என்று கணக்கு. மாலை பெரும்பாலும் செண்டுமல்லி, அதாவது துலுக்கச் சாமந்தி. சிறிய வளையமாகக் கட்டியிருப்பார்கள். அங்கே எரியும் விளக்கில் மெழுகைப் பற்றவைத்து, அதிலிருந்து பத்திகளைப் பற்றவையுங்கள். 12 பத்தியையும் விசிறிபோல் விரித்துப் பிடித்தால் பாதி பற்றாது. கட்டாகச் சேர்த்துப் பிடித்து, நுனி மொத்தமும் சிவந்த பிறகு சுடரை அணைக்க வேண்டும். கையால் விசிறி அணையுங்கள், ஊதக் கூடாது.

வாசலைப் பார்த்த முகத்தில் தொடங்குங்கள். நின்று வேண்டிக்கொண்டு, மெழுகை அதற்கான தட்டிலும் பத்தியை மணல் தொட்டியிலும் நட்டு, மாலையைக் கம்பியில் மாட்டுங்கள். பிறகு நம் பிரதட்சிணம் போலவே வலம் வந்து அடுத்த முகம். எதிர்ச்சுற்றில் யாராவது வந்தால் சட்டென்று கண்ணில் பட்டுவிடும், அவர்கள் பெரும்பாலும் போட்டோவுக்கு இடம் தேடுபவர்கள். நான்கும் முடிந்ததும் முதல் முகத்துக்கே வந்து ஒருமுறை கைகூப்பிவிட்டுக் கிளம்பலாம்.

நெரிசலில் நடக்கும் விபத்து பத்தி நெருப்புதான். பத்தியை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தால் முன்னே நிற்பவரின் முதுகிலும் குழந்தைகளின் முகத்திலும் படும். தலைக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நைலான் புடவை, துப்பட்டா தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் பத்தியே இல்லாமல் மாலை மட்டும் சாத்தலாம். பற்றவைக்காமல் வைக்கும்படி ஊழியர்கள் கைகாட்டினால் அப்படியே வைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு மாலைதான் வாங்கினேன். மத்த மூணு முகத்துக்கு என்ன பண்றது?

முதல் முகத்துக்குச் சாத்திவிட்டு, மற்ற மூன்றையும் கைகூப்பி வலம் வாருங்கள். குறையொன்றும் இல்லை.

எந்த முகத்துக்கு என்ன வேண்டணும்? ஒண்ணு பணத்துக்கு, ஒண்ணு கல்யாணத்துக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு.

அந்தப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்றில் முதல் முகம் தொழில், இன்னொன்றில் அதே முகம் உடல்நலம். எந்தப் பக்கம் நின்றும் எதையும் வேண்டலாம். சிலர் ஒரே வேண்டுதலை நான்கு முகத்திலும் சொல்கிறார்கள். எங்களுக்கு அதுவே சரியாகப் படுகிறது.

வெளியே ஒரு அம்மா கையில மாலையைத் திணிச்சுட்டு காசு கேட்டாங்க. அது ஏமாத்தா?

நடைபாதையில் விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். ஆனால் விலை வாயில்தான் இருக்கும், உள்ளே பலகையில் எழுதியிருக்கும். கையை நீட்டாமல், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நடந்தால் விட்டுவிடுவார்கள். வாங்கிய பிறகு பேரம் பேசுவதுதான் சண்டையில் முடிகிறது.

கூண்டுக் குருவியைப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடச் சொல்லும் வியாபாரமும் பாங்காக்கின் கோயில் வாசல்களில் உண்டு. விற்பதற்காகவே பிடித்த குருவிகள் அவை. நீங்கள் ஒன்றை விடுவித்தால் இன்னொன்றைப் பிடிப்பார்கள். "இன்று சன்னதி மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று டுக்-டுக் ஓட்டுநர் சொன்னால் நம்பாதீர்கள். நகைக்கடையில் போய் நிற்கும்.

தேங்காய், கற்பூரம், சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோகலாமா?

பழமும் தேங்காயும் வைக்கிறார்கள், ஆனால் உடைப்பதில்லை. இளநீரை வாய்திறந்து வைப்பது உண்டு. இறைச்சி, மீன், முட்டை பிரம்மாவுக்கு ஆகாது என்பதில் தாய்லாந்துக்காரர்களும் கண்டிப்பு. கற்பூரம் ஏற்ற அங்கே இடம் கிடையாது. சூழ்ந்திருப்பது மாலைக்குவியல், எரியும் மெழுகு. குங்குமம், சந்தனம் எதையும் மூர்த்தி மீதோ பீடத்திலோ தடவாதீர்கள், முழுக்கத் தங்கப் பூச்சு. வைத்த பழத்தைப் பிரசாதமாக எடுத்துவர விரும்பினால் சற்று நேரம் விட்டு எடுத்துக்கொள்ளலாம். உங்களுடையதை மட்டும்.

ஓரத்துல தலைக்கிரீடம் வச்சுக்கிட்டு ஆடறாங்களே, அது டூரிஸ்ட் ஷோவா? நாமும் ஆட வைக்கலாமா?

ஷோ அல்ல, நேர்த்திக்கடன். வேண்டிக்கொண்டது நிறைவேறியவர் காணிக்கை கட்டி ஆட வைக்கிறார். நம் ஊரில் வேண்டுதலுக்குக் கூத்து விடுவார்களே, அந்த மாதிரி. வரிசையாகக் கோத்த மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ரணாத் என்ற வாத்தியமும் மத்தளமும் கூடவே வாசிக்கப்படும்.

நீங்களும் கட்டலாம். ஆடுபவர் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை. இருவரில் தொடங்கி எட்டுப் பேர் வரை, பலகையில் எழுதியிருக்கும். பணம் கட்டி, வீட்டார் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூப்பிட்டதும் நடன மண்டபத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, மூர்த்தியைப் பார்த்து மண்டியிட்டுக் கைகூப்புங்கள். ஆடுபவர்களைப் பார்த்து அல்ல. பாட்டு சில நிமிடம்தான். இடையில் உங்கள் பெயர் தாய்லாந்து உச்சரிப்பில் வந்துபோகும். பெயரைச் சுருக்கமாக எழுதினால் அடையாளம் தெரியும், 'பாலசுப்பிரமணியன்' என்று எழுதினால் தெரியாது.

வேண்டுதல் பலிச்சா திரும்ப வந்தே ஆகணுமாமே? வராட்டி கெடுதல்னு பயமுறுத்தறாங்க.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தாய்லாந்து மொழியில் நேர்ந்துகொள்வதற்கு 'பொன்', நிறைவேற்றுவதற்கு 'கே பொன்' என்பார்கள். சொன்னால் செய்தே தீர வேண்டும் என்பது அவர்களிடம் ஆழமான நம்பிக்கை. ஹாங்காங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விமானம் ஏறி வந்து கடன் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டவர் வீட்டில் அந்தக் கடன் தீரும்வரை இருக்கும் உறுத்தலை நினைத்துப் பாருங்கள்.

எல்லா வேண்டுதலும் நேர்த்தி ஆகிவிடாது. "நல்லபடியாக வை" என்று கும்பிட்டால் அது பிரார்த்தனை. கடன் ஏதும் இல்லை. "இது நடந்தால் இதைச் செய்கிறேன்" என்று வாய்விட்டோ மனசிலோ சொன்னால்தான் கடன். மறுபடி பாங்காக் வர முடியுமா என்று தெரியாதவர்கள் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதே நல்லது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஊரிலேயே முடிக்கக்கூடியதாகச் சொல்லுங்கள்: இத்தனை பேருக்குச் சாப்பாடு, இந்தப் பள்ளிக்கு இவ்வளவு பணம் என்பதுபோல்.

ஏற்கெனவே ஆட வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர முடியாமல் தவிப்பவர்கள், பாங்காக் போகும் உறவினர் மூலம் முந்தைய கேள்வியில் சொன்ன முறைப்படி உங்கள் பெயரை எழுதிக் கொடுத்து ஆட வைக்கலாம்.

என்ன மந்திரம் சொல்லணும்? தமிழ்ல வேண்டினா போதுமா?

போதும். அவர்கள் பாலியில் 'நமோ தஸ்ஸ' மூன்று முறை சொல்லித் தொடங்குவார்கள். நமக்கு 'ஓம் பிரம்மணே நமஹ' போதும். வீட்டில் சொல்லும் எந்தப் பாட்டும் ஆகும். சத்தமாகப் பாட வேண்டாம், பக்கத்தில் இன்னொருவர் வேண்டிக்கொண்டிருப்பார்.

போட்டோ எடுக்கலாமா?

எடுக்கலாம். மண்டியிட்டிருப்பவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். மூர்த்திக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதும் முகம் சுளிக்க வைக்கும். முழுச் சன்னதியும் வேண்டும் என்றால் நடைமேம்பாலத்திலிருந்து எடுங்கள். பொன்னிற மண்டபம் மேலிருந்து நன்றாகத் தெரியும், யாருக்கும் இடைஞ்சலும் இல்லை.

பழைய சிலையை உடைச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பின்னமான சிலையைக் கும்பிடலாமா?

2006 மார்ச் 21 அதிகாலையில் மனநலம் குன்றிய இளைஞர் ஒருவர் சுத்தியலால் சிலையை உடைத்தார். அங்கிருந்த சிலர் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். சாமி பெயரில் நடந்த இரண்டாவது கொடுமை அது. சரியாக இரண்டு மாதம் கழித்து மே 21 அன்று புதிய மூர்த்தியைப் பிரதிஷ்டை செய்தார்கள். இப்போது கும்பிடுவது அதைத்தான். பின்னம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குண்டு வெடிச்ச இடமாச்சே, குழந்தைகளோட போகலாமா?

2015 ஆகஸ்ட் 17 மாலை 7 மணிக்குச் சற்று முன் வளாகத்துக்குள் குண்டு வெடித்து 20 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரண்டே நாளில் சன்னதியை மறுபடி திறந்தார்கள். அன்றிலிருந்து லட்சக்கணக்கானோர் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். கேட்பாரற்ற பை கிடந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், உங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வலம் வராதீர்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை பத்தி நெருப்பும் ராட்சதாம்ரி சாலைப் போக்குவரத்தும்தான் அன்றாட ஆபத்து.

பக்கத்துலயே இன்னும் நிறைய சாமி இருக்காமே?

ஆமாம், ஒவ்வொரு கட்டடமும் ஒரு தெய்வம் வைத்திருக்கிறது. சென்ட்ரல்வேர்ல்டு மால் முன்னால் பிள்ளையாரும் திரிமூர்த்தியும், கேசோர்ன் மாலின் மேல்தளத்தில் லட்சுமி, அமரின் பிளாசா முன்னால் பச்சை நிற இந்திரன், இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் வாசலில் கருடன் மேல் நாராயணன். எல்லாம் நடக்கும் தூரம். லட்சுமிக்கு மட்டும் மால் திறந்திருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

வியாழக்கிழமை இரவு 9.30 மணிக்குத் திரிமூர்த்தி முன்னால் சிவப்பு ரோஜாவோடு இளைஞர் கூட்டம் நிற்கும், காதல் கைகூட வேண்டி. உற்றுப் பார்த்தால் அது நாம் அறிந்த சதாசிவ மூர்த்தியின் அமைப்பு. காதலுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று யோசிக்க வேண்டாம். ரோஜா விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம்.

இதெல்லாம் சரி, நம்ம ஊர்க் கோயில் மாதிரி ஒண்ணு வேணும். இருக்கா?

சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். தமிழர்கள் 1879இல் எழுப்பியது. கோபுரம், அர்ச்சனை, குங்குமம், பிரசாதம் எல்லாம் உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே போட்டோ கூடாது. எரவான் பழக்கத்தில் போனைத் தூக்கிவிடாதீர்கள். டாக்சியில் 'வாட் கேக், சிலோம்' என்றால் புரியும். பிடிஎஸ்ஸில் சூரசக் நிலையத்திலிருந்து நடக்கலாம். விஜயதசமி இரவு சிலோம் சாலையில் அம்மன் ஊர்வலம் உண்டு, வருபவர்களில் தாய்லாந்து மக்களே அதிகம்.

நேரம் இருந்தால் சாவ் சிங் சா என்னும் ராட்சத ஊஞ்சலுக்கு அருகே 1784இல் கட்டப்பட்ட தேவஸ்தானத்தையும் பாருங்கள். அரண்மனைப் பிராமணர்களின் கோயில் அது. அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் விழாவின் பெயர் 'த்ரியம்பவாய்–த்ரிபவாய்'. வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை.

கடையில விக்கிற பிரம்மா சிலையை வாங்கிட்டு வரலாமா?

கழுத்தில் போடும் சிறு டாலர், படம் என்றால் சிக்கல் இல்லை. புத்தர், தெய்வச் சிலைகளைத் தாய்லாந்திலிருந்து எடுத்துவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறித்துவைப்பார்கள். அனுமதி வாங்கித் தரும் வேலையைச் சில கடைகளே செய்யும், நாலைந்து நாள் ஆகலாம். அதனால் ஊர் திரும்பும் நாளன்று சிலை வாங்கப் போகாதீர்கள். சன்னதியில் மற்றவர் காணிக்கையாக வைத்த மர யானையை 'ஞாபகத்துக்கு' என்று பையில் போடுவதும் நடக்கிறது. அது இன்னொருவர் தீர்த்த கடன். வேண்டும் என்றால் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.